நின்றுபோன மாடல்களை நாட்டுடைமை ஆக்குக

"அந்த மாடல் நின்னு போச்சுங்க. இனிமே பார்ட்ஸ் வராது. பேசாம புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க. மானியம்தான் இருக்குதில்லீங்களா?"

சேலத்து விற்பனைக் கூடம் ஒன்றில் எங்களிடம் சொல்லப்பட்ட இந்த நான்கு வாக்கியங்களில் கோபமோ அலட்சியமோ சிறிதும் இல்லை. சொன்னவர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். ஆயினும் அந்த நான்கு வாக்கியங்களுக்குள் ஒரு பொருளாதாரக் கொள்கையும் ஓர் அறிவுக் கொள்கையும் அடங்கிக் கிடக்கின்றன என்பதும், இரண்டும் பிழையானவை என்பதும் எங்கள் துணிபு. அதை எடுத்துரைக்கவே இதை எழுதுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கியர்ப்பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்களே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம்.

ஏற்காட்டை ஏரியும் படகுமாக மட்டும் அறிந்தவர்களுக்குத் தலைச்சோலை என்னும் பெயர் புதிதாக இருக்கலாம். சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்களுக்கும் நடுவே உள்ள ஊர். இம்மலையில் நிலம் தட்டையாகக் கிடைப்பதில்லை. சரிவை வெட்டிப் படியாக்கிய துண்டு நிலங்களே பெரும்பாலும். நான்கு சக்கர டிராக்டர் அங்கே திரும்புவதற்கு இடம் போதாது. பின்னால் நடந்தபடி இரு கைப்பிடிகளையும் பற்றி ஓட்டுகிற பவர் டில்லர்தான் இத்தகைய நிலத்துக்கு ஏற்ற தோட்ட டிராக்டர். மழை விட்டு மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுதாக வேண்டும். அந்த நாட்களில் வண்டி நின்றுபோனால் ஒரு போகம் தள்ளிப்போகும். கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். சாக்கில் சுற்றிய இரும்புத் துண்டோடு அந்த வளைவுகளில் பேருந்தில் இறங்கியவர்களுக்கே "பார்ட்ஸ் வராது" என்னும் சொல்லின் கனம் தெரியும்.

*

எங்கள் டில்லருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. இன்ஜினில் குறையில்லை. விசையைக் கடத்தும் தண்டு ஒன்று தேய்ந்து, அது சுழலும் புஷ்ஷின் துளை வட்டம் கெட்டு, ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் வடிந்து, கடைசியில் பேரிங்கும் இறுகிவிட்டது. ஆக, வேண்டியவை நான்கு. நிறுவனத்தின் பாகப் பட்டியலில் நான்குக்கும் நீண்ட எண்கள் உண்டு. நான்கும் "வராது".

விற்பனைக் கூடத்திலிருந்து வெளியே வந்து, ஒரு கடைசல் பட்டறைக்குள் நுழைந்தோம். மேஸ்திரி பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கம்பெனி நம்பரைச் சொல்லித் தேடினா எப்படீங்க கிடைக்கும்? இதுமேலயே அதோட நம்பர் இருக்குதே, பாக்கலீங்களா?"

பார்த்தோம். 6205 என்று பொறித்திருந்தது. உலகெங்கும் பேரிங் செய்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் அது. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்த நிறுவனம் செய்தாலும் 6205 என்றால் இதே அளவுதான். ஆயில் சீலிலும் அப்படியே. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என மூன்று அளவுகள் அதன் முகத்திலேயே இருந்தன: 25-42-7. இரண்டும் அதே தெருவில், நூறடி தொலைவில், கடையில் கிடைத்தன.

இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். "வராது" எனப்பட்ட நான்கில் இரண்டு, எப்போதும் வந்துகொண்டிருந்தவை. பொதுவான ஒரு பொருளின் மீது நிறுவனம் தன் சொந்த எண்ணை ஒட்டியிருந்தது. அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் பொருளே உலகில் இல்லை என்றாகிவிட்டது. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணினித் திரையில் அது உண்மையாகவே இல்லை. எண்ணையே பொருள் என்று நம்பப் பழகிய அறிவு அது. பட்டறை மேஸ்திரியின் அறிவோ பொருளை எடுத்துக் கழுவிப் பார்க்கிற அறிவு. நாங்கள் முதலில் சொன்ன அறிவுக் கொள்கைப் பிழை இதுதான்.

எஞ்சிய இரண்டையும் செய்ய வேண்டியிருந்தது. செய்வது என்றால் தேய்ந்ததைப் பார்த்து அதேபோல் கடைவது அன்று. தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்மானத்தின் அளவே கிடைக்கும். அதே அளவில் புதிதாகச் செய்தால் பிறக்கும்போதே கிழமான ஒரு பாகம் பிறக்கும். ஆகவே சீலின் விளிம்பும் புஷ்ஷும் தொடாத ஒரு விரற்கடை அகலத்தைத் தண்டில் தேட வேண்டும். அங்கே மைக்ரோமீட்டரை வைத்தால் இயந்திரம் பிறந்தபோது இருந்த அளவு தெரியும். தண்டுக்கு ஈஎன் 8 எஃகு. புஷ்ஷுக்குக் கன்மெட்டல்: நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம் என்பது அதன் பழைய கணக்கு. புஷ் வேண்டுமென்றே தண்டைவிட மெதுவாக வைக்கப்படுகிறது. இரண்டில் ஒன்று தேய்ந்தே தீரும் என்றால், எளிதில் மாற்றக்கூடியது தேயட்டும் என்பது அதன் நியாயம். தண்டுக்கும் துளைக்கும் இடையே விட டவேண்டிய இடைவெளிக்கு மேஸ்திரிகள் கைக்கணக்காக வைத்திருப்பது விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 25 மில்லிமீட்டர் தண்டுக்கு 0.025 மில்லிமீட்டர். அதற்கும் குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். மிகவும் கூடினால் ஆடும், சீல் மீண்டும் கிழியும்.

மூன்றாம் நாள் வண்டி ஓடியது.

*

தண்டோடு போயிற்று. கியரின் பல் உடைந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கலாம். கியரும் படிக்கக்கூடியதே. நேர்ப்பல் கியரில் பற்களை எண்ணி இரண்டைக் கூட்டுங்கள். வெளிவிட்டத்தை அந்தத் தொகையால் வகுங்கள். 24 பல், 78 மில்லிமீட்டர் விட்டம் என்றால், 78ஐ 26ஆல் வகுக்க 3 கிடைக்கும். அதுவே அக்கியரின் மாட்யூல். பல்நுனி தேய்ந்து 77.6 என்று அளவு காட்டினாலும் விடை 2.98 என்று வரும். அது 3தான் என்று உடனே தெரிந்துவிடும். ஏனெனில் மாட்யூல்கள் குறிப்பிட்ட சில எண்களிலேயே அமையும். விடை 2.54 என்று வந்தால் அந்த இயந்திரம் அங்குலத்தில் சிந்தித்தவர்களால் செய்யப்பட்டது என்று பொருள். ஓர் உலோகத் துண்டின் தாய்மொழியை இவ்வளவு எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

வார்ப்பிரும்பு உறை உடைந்தாலும் வழி உண்டு. அதில் ஒரு பொறியும் உண்டு. உடைந்த பாகத்தையே ஒட்டவைத்து மணலில் பதித்து அச்செடுத்தால், வார்த்து வருவது நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு சிறுத்து வரும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் அளவு அது. 300 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் மரப் பேட்டர்ன் 303 இருக்க வேண்டும். கடைந்து எடுக்க வேண்டிய முகங்களில் அதற்கும் மேலே சிறிது சதை விட வேண்டும். பேட்டர்ன் செய்யும் தச்சர்கள் சுருக்கத்தைக் கணக்கிட்டு நீட்டிய அளவுகோல் ஒன்றைத் தனியாகவே வைத்திருப்பார்கள். சாதாரண ஸ்கேலின் பக்கத்தில் வைத்தால் சற்று நீளமாக இருக்கும் அந்தப் "பொய்" அளவுகோல்தான் சரியான பாகத்தைப் பிறப்பிக்கிறது.

மண்ணைக் கொத்தும் பிளேடுகளைக் கொல்லுப்பட்டறையில் லாரியின் பட்டை வில்லிலிருந்து அடித்துக்கொள்ளலாம். காய்ச்சிய இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும் சூடு 770 பாகை செல்சியஸ். அதற்குச் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் தோய்க்க வேண்டும். பிறகு மெல்லச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைப் போக்க வேண்டும். கொல்லர் இதைத் துவைச்சல் என்பார். வெப்பமானி இல்லாமலே, ஒரு காந்தத் துண்டையும் கண்ணையும் கொண்டு செய்யப்படும் உலோகவியல் இது.

இத்தனையையும் விரித்துச் சொன்னது, பாகம் செய்வதைக் "கைமருந்து" என்றும் "ஒட்டுப்போடும் வேலை" என்றும் கருதுகிற வழக்கத்தை மறுப்பதற்காகவே. அளவு, கணக்கு, உலோகம், சூடு, சுருக்கம் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஒழுங்கான அறிவு இது. கிழிந்த சட்டைக்கு ஊக்கு குத்துவதோடு இதைச் சேர்த்துப் பேசுவது அறியாமை.

*

இப்போது இதை இலக்கிய வாசகர்களிடம் சொல்வதற்கான காரணத்துக்கு வருகிறோம்.

"பார்ட்ஸ் வராது" என்பதன் மறுவடிவம் நமக்கு நன்றாகத் தெரியும்: "அச்சில் இல்லை." அந்தச் சொல்லைக் கேட்டு நாம் என்றாவது அடங்கியிருக்கிறோமா? அச்சில் இல்லாத நூலைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளில் தூசி தின்றவர்கள் நாம். கிடைத்த ஒரே பிரதியை நகலெடுத்து, நகலின் நகலைப் படித்து வளர்ந்தது சிற்றிதழ் வாசகர் கூட்டம். பதிப்பகம் கைவிட்டதால் நூல் செத்துவிட்டது என்று நாம் ஒப்புக்கொண்டதில்லை. பாரதியின் எழுத்துகள் ஒருவருடைய தனியுடைமையாக இருக்கலாகாது என்று கிளர்ச்சி எழுந்தது. 1949இல் சென்னை அரசு அவற்றின் உரிமையைத் தனதாக்கிக்கொண்டது. பின்னர் அவை மக்களுக்குரியவை ஆயின. நாட்டுடைமை என்னும் சொல்லுக்கு இலக்கியச் சுவை ஏறியது அந்த வரலாற்றால்தான். அதன் பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது.

நூலுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் பதிப்பிக்கப்படும் நூலின் பிரதிகளைப் பதிப்பாளர் தம் செலவில் பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகமும் சென்னை கன்னிமாரா நூலகமும் அவற்றில் அடங்கும். பதிப்பகம் மூடப்பட்டாலும் ஒரு பிரதி எங்கேனும் இருக்கட்டும் என்பது இதன் பயன்.

ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, ஒரு குடும்பத்தின் சோற்றை உழுது தரும் இயந்திரத்தின் வரைபடத்துக்கு ஏன் இல்லை? இதுவே எங்கள் கேள்வி.

நிறுவனத்தின் அறிவுச் சொத்தல்லவா என்று சிலர் குறுக்கிடுவார்கள். சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டு. கண்டுபிடிப்பை விவரமாக வெளியே சொல். அதற்கு ஈடாக 20 ஆண்டு தனியுரிமை பெற்றுக்கொள். அதற்குப் பின் அது எல்லோருக்கும் உரியது என்பதுதான் சமுதாயம் செய்துகொண்ட ஒப்பந்தம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் பொருளின் தோற்றத்துக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் தருகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியும் வடிவுக்கே, வேலை செய்யும் நுட்பத்துக்கன்று. ஆகவே இருபது வயதைக் கடந்த ஒரு டில்லரின் தண்டைச் செய்துகொள்வதில் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை. உரிமை என்றோ முடிந்துவிட்டது. காவல் போட்டிருப்பது வரைபடத்தின் மீதான மௌனம் மட்டுமே. சட்டம் திறந்துவிட்ட கதவை அந்த மௌனம் அடைத்து வைத்திருக்கிறது.

*

மானியத்துக்கு வருவோம். மத்திய அரசு 2014-15இல் வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான துணை இயக்கத்தைத் தொடங்கியது. உழவர் வாங்கும் கருவிக்கு, அவர் எப்பிரிவினர் என்பதைப் பொறுத்து, விலையில் 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் தர அது வகை செய்தது. இதனால் பயன்பெற்ற சிறு உழவர்கள் ஏராளம். அதை நாங்கள் மறுக்கவில்லை. புதிய கருவி வாங்குவதை யாரும் குற்றம் சொல்லவும் இல்லை. எங்கள் குறை வேறு. ஒரு கருவியின் விலையில் பாதியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கும் அரசு, அதற்கு ஈடாகக் கருவியைப் பற்றிய அறிவில் ஒரு தாளையாவது பொதுவுக்குக் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா? பாதி விலை கொடுத்தவன் பாதிச் சொந்தக்காரன் அல்லவா?

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2020 ஜூலை வரை பவர் டில்லர்களையும் அவற்றின் முக்கியப் பாகங்களையும் தடையின்றி இறக்குமதி செய்ய முடிந்தது. சீனத்திலிருந்து வந்த டில்லர்கள் இங்கே விற்பனையாயின. அந்த மாதம் மத்திய அரசு அவற்றைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றி, உரிமம் பெற்றே இறக்குமதி செய்யலாம் என்று ஆணையிட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க அது சரியான முடிவாகவே இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்பே வாங்கிவிட்டவனுடைய கொட்டகையில் நிற்கும் வண்டியை அந்த ஆணை என்ன செய்யச் சொல்கிறது? கொள்கை மாறும்போது வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் கியர்களும் சேர்ந்து மாறிவிடுவதில்லை.

உள்நாட்டுத் தொழில் என்று சொன்னோமே, அதன் பிறப்பைச் சற்றுப் பாருங்கள். பெங்களூரில் 1967இல் தொடங்கிய விஎஸ்டி நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்தும், கேரள அரசின் கம்கோ 1973 முதல் அத்தாணியில் குபோட்டாவின் தொழில்நுட்பத்தைப் பெற்றும் டில்லர் செய்யக் கற்றன. வரைபடம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கை மாறியதால்தான் இந்தியாவில் பவர் டில்லர் என்ற ஒன்று வேரூன்றியது. ஜப்பானிலிருந்து பெங்களூருக்கும் அத்தாணிக்கும் வந்த அறிவு, அங்கிருந்து சேலத்துக் கடைசல் பட்டறை வரை ஏன் வரக்கூடாது?

*

இது எங்கள் மலையில் மட்டும் எழுந்த முணுமுணுப்பு அன்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுது அறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நீண்டன, ஆனாலும் பாகத்தைப் பூட்டி வைப்பது குற்றமாகலாம் என்னும் கருத்து இந்நாட்டில் பதிவாகிவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தபோது, அது எடுத்துக்கொண்ட துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் இயந்திரங்களுக்கென்றே பழுதுநீக்கும் உரிமைச் சட்டம் இயற்றி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் ஜான் டியர் நிறுவனத்தின் மீது இதே பொருளில் வழக்குத் தொடுத்தது. அங்கே சண்டை மென்பொருளைப் பற்றியது. டிராக்டருக்குள் இருக்கும் கணினி, உடையவனையே உள்ளே விட மறுக்கிறது. நம் பழைய டில்லரில் கணினி இல்லை, பூட்டும் இல்லை. வெர்னியர் காலிபரும் பொறுமையும் உள்ளவர் எவரும் உள்ளே போகலாம். அந்த வசதி இருக்கும்போதே அதன் அறிவைச் சேர்த்து வைக்காவிட்டால், பூட்டோடு வரும் அடுத்த தலைமுறை இயந்திரங்களின் முன் நாம் எந்த முகத்தோடு உரிமை கேட்போம்?

*

மறுப்புகளுக்கு விடை சொல்லாமல் போவது நேர்மையாகாது.

பட்டறையில் செய்த பாகம் உழைக்காது என்கிறார்கள். பாதி உண்மை. சாதாரண மைல்ட் ஸ்டீலில் பல் வெட்டி, கடினப்படுத்தாமல் மாட்டிவிடுகிற கியர் ஒரு பருவத்தில் தேய்ந்துவிடும். அது பட்டறையின் குற்றமா? இந்தப் பல்லுக்கு இன்ன எஃகு, இவ்வளவு ஆழத்துக்குக் கடினம் என்று அறிவிக்கும் வரைபடம் இருந்தால் எந்த மேஸ்திரி மைல்ட் ஸ்டீலைத் தொடுவார்? அறிவை மறைத்துவிட்டு அறியாமையைப் பழிப்பது முறையன்று.

ஆபத்து என்கிறார்கள். இது முழு உண்மை. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிரேக், ஸ்டியரிங், ஃப்ளைவீல் ஆகியவற்றில் கைவைப்பது உயிரோடு விளையாடுவது. வார்ப்பில் ஒரு காற்றுக்குமிழ் ஒளிந்திருந்தால் ஃப்ளைவீல் சுழலும்போது வெடித்துச் சிதறும். டீசல் பம்ப்பின் பிளஞ்சரும் அதன் உறையும் மைக்ரான் கணக்கில் பொருந்துபவை. தெருமுனை லேத்துக்கு அது எட்டாது. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று பிரித்து அறிவதும் இந்த அறிவின் பகுதியே. வரைபடம் பொதுவில் இருந்தால் அந்த எல்லைக் கோடும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். இப்போது அதை ஒவ்வொருவரும் அடிபட்டுத்தான் கற்கிறார்கள்.

போலிகளை ஊக்குவிக்கிறீர்கள் என்கிறார்கள். கடுமையாக மறுக்கிறோம். வேறொரு நிறுவனத்தின் பெயரை அச்சிட்ட பெட்டிக்குள் மட்டமான சரக்கை வைத்து விற்பதே போலி. அது திருட்டு. இது நான் கடைந்தது, என் பட்டறையில் கடைந்தது என்று சொல்லிக் கையில் கொடுக்கப்படும் தண்டு மாற்றுப் பாகம். இரண்டையும் "டூப்ளிகேட்" என்ற ஒரே சொல்லால் அழைப்பது அசல் விற்பவர்களுக்கு வசதியான குழப்பம்.

பழைய டீசல் இன்ஜின் புகை கக்குகிறது என்கிறார்கள். கக்குகிறது. அப்படியென்றால் இன்ஜினை மாற்றுவோம். நல்ல நிலையில் உள்ள கியர்ப்பெட்டியையும் சட்டகத்தையும் ஏன் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும்? புதிய இன்ஜினைப் பழைய சட்டகத்தில் உட்கார வைக்கத் தேவையானது ஓர் இணைப்புத் தட்டும் ஒரு புல்லியும். அதையும் யாராவது அளந்து கடையத்தான் வேண்டும்.

கடைசியாக, இது பழமை ஏக்கம் என்கிறார்கள். நம் சூழலில் இக்குற்றச்சாட்டுக்கு மிகுந்த மவுசு. ஏக்கம் கொள்பவர் பழைய டில்லரை வாசலில் நிறுத்திப் பூத்தொட்டி வைப்பார். நாங்கள் அதை உழவுக்கு அனுப்புகிறோம்.

*

நம்மவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஜி.டி. நாயுடுவை நாம் "அதிசய மனிதர்" ஆக்கினோம், "இந்தியாவின் எடிசன்" ஆக்கினோம். அவர் தொடக்கத்தில் செய்தது என்ன? ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். பொறியியலைக் குறுகிய காலத்தில் கற்பித்துவிட முடியும் என்று வாதாடியவர் அவர். பொறியியற் கல்லூரி ஒன்று கோயம்புத்தூரில் 1945இல் உருவாகத் துணைநின்றவரும் அவரே. எவரும் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் காட்டியதை, எவராலும் முடியாத அதிசயம் என்று மாற்றி மாலை போட்டுவிட்டோம். மாலை போடுவது கற்றுக்கொள்வதைவிட எளிது.

எங்கள் மலையின் பழைய இயந்திரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பர். பழம் பறித்த அன்றே தோலுரிக்காவிட்டால் புளித்துக் கெடும். ஆகவே காப்பித் தோட்டத்துக்குப் பல்ப்பர் இன்றியமையாதது. அபெர்டீனிலும் கண்டியிலும் வார்த்த பல்ப்பர்கள் காப்பி நாடுகளுக்குச் சென்ற காலம் ஒன்றிருந்தது. உருளைப் பல்ப்பரின் அமைப்பைப் பாருங்கள். இரும்பு உருளையின் மேல் புடைப்புகள் அடித்த செப்புத் தகட்டைப் போர்த்தியிருப்பார்கள். தேய்வது தகடு, அதைக் கழற்றி மாற்றலாம், உருளை அப்படியே இருக்கும். செய்தவனே "இது தேயும், மாற்றிக்கொள்" என்று வாங்குபவனிடம் ஒப்புக்கொண்ட வடிவம் அது. கப்பல் வர மாதங்கள் ஆகும் என்று அறிந்தவன் அப்படித்தான் வடிவமைத்தாக வேண்டும். இன்று பொட்டலம் மூன்று நாளில் வீட்டுக்கு வருகிறது. அந்த நேர்மை மட்டும் வரவில்லை.

முடிவாக, எங்கள் கோரிக்கை நீளமானது அன்று. மானியப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வோர் உழவுக் கருவிக்கும், தேயக்கூடிய பாகங்களின் அளவு, உலோகம், கடினப்படுத்தும் முறை ஆகியவை அடங்கிய வரைபடத்தை நிறுவனம் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுவான பேரிங்குக்கும் சீலுக்கும் நிறுவனத்தின் எண்ணோடு உலகப் பொது எண்ணையும் பட்டியலில் அச்சிட வேண்டும். பாகம் வழங்குவதை நிறுத்தும் அன்றே அந்த வரைபடம் நாட்டுடைமையாக வேண்டும். அதற்கு நட்டஈடு வேண்டுமென்றால் அரசு தரட்டும். எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குத் தந்த கைதானே?

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்வோம். வண்டியைக் கழற்றும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். பேரிங்கின் எண், சீலின் மூன்று அளவுகள், தண்டின் தேயாத இடத்து விட்டம், கியரின் பற்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதியதை அடுத்த வீட்டுக்காரருக்கும் பட்டறைக்கும் ஒரு நகல் கொடுங்கள். அச்சில் இல்லாத நூலை நாம் இப்படித்தான் காப்பாற்றினோம். எங்கள் நோட்டில் இதுவரை பதினோரு பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன.